2147483647: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணிதம் படிப்பவர்களுக்கு இது பதினெட்டாம் நூற்றாண்டுக் கணிதர் ஆய்லர் நிரூபித்த பகா எண். நிரல் எழுதுபவர்களுக்கு இது, முழு எண்களை 32 பிட்டில் (இருநிலை இலக்கங்களில்) வைக்கும் 'இன்ட்' வகையின் உச்சவரம்பு. இரண்டு தரப்பிலிருந்தும் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். எளியவை முதலில் வருகின்றன. பின்னால் வரும் பதில்கள், முன்னால் உள்ளவற்றைப் படித்துவிட்டீர்கள் என்ற கணக்கில் எழுதப்பட்டவை.

இந்த எண்ணை முதலில் எப்படி வாசிப்பது?

நம் முறையில் காற்புள்ளி வைத்தால் 2,14,74,83,647. இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு இலட்சத்து எண்பத்து மூன்றாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. பத்து இலக்கங்கள். பன்னாட்டு முறையில் 2,147,483,647 என்று எழுதுவார்கள், தோராயமாக 2.15 பில்லியன்.

பார்க்க ஏதோ தாறுமாறான எண் மாதிரி இருக்கே, இதில் என்ன ஒழுங்கு இருக்கு?

ஒழுங்கு பத்தடிமான முறையில் தெரியாது. 2-ஐ 31 முறை பெருக்கினால் 2147483648. அதில் ஒன்று குறைத்தால் நம் எண்: 2³¹ − 1. இருநிலை முறையில் எழுதினால் வரிசையாக முப்பத்தொரு 1கள், வேறு எதுவும் இல்லை. எண்ம நிலையில் ஒரு 1-ஐ அடுத்துப் பத்து 7கள். பதினாறு நிலையில் ஒரு 7-ஐ அடுத்து ஏழு 'எஃப்'.

கீழே வரும் பண்புகளில் பெரும்பாலானவை இந்த ஒரு செய்தியிலிருந்தே கிளைக்கின்றன. எனவே எண்ணை மனப்பாடம் செய்வதைவிட 2³¹ − 1 என்பதை நினைவில் வைப்பது மேல்.

3, 7, 11 எல்லாம் போட்டு வகுத்துப் பார்த்துட்டேன், எதிலும் மீதியில்லாமல் போகலை. அப்போ இது பகா எண்தானே?

பகா எண்தான். ஆனால் மூன்று எண்களால் வகுத்துப் பார்த்தது அதற்குச் சான்று ஆகாது. ஓர் எண் பகு எண்ணாக இருந்தால் அதன் வர்க்கமூலத்துக்குள் குறைந்தது ஒரு பகாக் காரணி இருந்தே தீர வேண்டும். 46340-இன் வர்க்கம் 2147395600; 46341-இன் வர்க்கம் 2147488281, இது நம் எண்ணைத் தாண்டிவிடுகிறது. ஆகவே 46340 வரை உள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தால்தான் முடிவு சொல்லலாம். அப்படிப்பட்ட பகா எண்கள் நாலாயிரத்துக்கும் மேல்.

உங்கள் மூன்று வகுத்தல்களிலும் மீதி 1 வந்திருக்கும். இலக்கங்களின் கூடுதல் 46 என்பதால் 3-ஆல் வகுத்தால் மீதி 1. 11-க்கு இலக்கங்களை வலமிருந்து மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால் 12. அதிலும் மீதி 1. இது தற்செயல் இல்லை. ஒன்று குறைத்த 2147483646-இன் காரணிகள் 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. இவற்றில் எதனால் வகுத்தாலும் நம் எண்ணுக்கு மீதி 1தான் வரும்.

மெர்சென் எண் என்றால் என்ன? எல்லா மெர்சென் எண்ணும் பகா எண்ணா?

2-இன் ஏதாவது ஓர் அடுக்கில் ஒன்று குறைத்தால் கிடைப்பது மெர்சென் எண். மரென் மெர்சென் பிரான்ஸைச் சேர்ந்த துறவி. இந்த வடிவில் எவையெல்லாம் பகா எண்கள் என்று 1644இல் ஒரு பட்டியல் வெளியிட்டார்.

எல்லாம் பகா எண்கள் அல்ல. அடுக்கு பகு எண்ணாக இருந்தால் விடையும் பகு எண்தான். அடுக்கு பகா எண்ணாக இருந்தால் வாய்ப்பு உண்டு, உறுதி இல்லை: 2¹¹ − 1 = 2047 = 23 × 89. இத்தாலியின் கட்டால்டி 17, 19 ஆகிய அடுக்குகளைச் சரியாக நிரூபித்தார்; கூடவே 23, 29, 31, 37 ஆகியவையும் பகா எண் தரும் என்றார். அந்த நான்கில் 31 மட்டுமே தேறியது. 2²⁹ − 1 = 233 × 1103 × 2089 என்று உடைந்துவிடுகிறது. மெர்சென்னின் பட்டியலிலும் 67, 257 தவறாக இடம்பெற்றன. 61, 89, 107 விடுபட்டன. 31 சரியாக இருந்தது.

பகா எண் தரும் அடுக்குகள் 2, 3, 5, 7, 13, 17, 19, 31 என்று போவதால் நம் எண் எட்டாவது மெர்சென் பகா எண்.

கம்ப்யூட்டர், கால்குலேட்டர் எதுவும் இல்லாமல் 1772இல் ஆய்லர் இதை எப்படி நிரூபித்தார்?

வகுத்துத்தான். ஆனால் எந்தெந்த எண்களால் வகுக்கவே தேவையில்லை என்பதை முதலில் நிரூபித்துவிட்டு வகுத்தார். 2³¹ − 1-க்கு ஒரு பகாக் காரணி இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 மட்டுமே வர முடியும். அதாவது அந்தக் காரணி 248க + 1 அல்லது 248க + 63 என்ற வடிவில் இருக்க வேண்டும் (க ஒரு முழு எண்). வேறு எந்தப் பகா எண்ணையும் தொட வேண்டாம்.

46340-க்குள் இப்படி எத்தனை உண்டு என்று நீங்களே எண்ணலாம். முதல் வடிவில் 249 தொடங்கி 46129 வரை 186 எண்கள். இரண்டாம் வடிவில் 63 தொடங்கி 46191 வரை 187 எண்கள். 63 பகு எண் என்பதால் விட்டால் மொத்தம் 372. ஆய்லரின் முறைக்கு 'அதிகபட்சம் 372 வகுத்தல்' என்று சொல்லப்படுவது இந்தக் கணக்குத்தான். இவற்றிலும் பகு எண்களை நீக்கினால் வேலை இன்னும் குறையும்: 249 = 3 × 83, 497 = 7 × 71, 559 = 13 × 43 என்று பல விழுந்துவிடும். முதலில் நிற்பது 311; அடுத்து 1303, 1489.

ஒன்றைச் செய்து பார்ப்போம். 311 × 6905092 = 2147483612; மீதி 35. காரணி இல்லை. 1303 × 1648107 = 2147483421; மீதி 226. இதுவும் இல்லை. இப்படியே கடைசி வரை போனாலும் எதிலும் மீதி பூச்சியம் வராது. ஆய்லர் முடிவை, கணிதர் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் தெரிவித்தார். அப்போது அவருக்குப் பார்வை ஏறத்தாழ முழுவதும் போயிருந்தது என்பதையும் சேர்த்து நினைத்தால்தான் இந்த 372-இன் அருமை புரியும்.

அதற்கு முன் பெரிய பகா எண் என்று பதிவாகியிருந்தது 6700417. அதுவும் ஆய்லர் கண்டதே, 2³² + 1-இன் காரணியாக. 2147483647 பெரும்பாலான பட்டியல்களில் 1867 வரை முதலிடத்தில் நிற்கிறது. அந்த ஆண்டு பிரெஞ்சுக் கணிதர் லாண்ட்ரி, 2⁵⁹ − 1-ஐ 179951 × 3203431780337 என்று உடைத்து, அந்தப் பெரிய காரணியை முன்வைத்தார்.

அந்த 248 விதி எங்கிருந்து வருகிறது? நம்பத்தான் வேண்டுமா?

நம்ப வேண்டாம், நிறுவலாம். இரண்டு துண்டுகள் சேர்ந்த விதி அது. 'ப' என்ற பகா எண் 2³¹ − 1-ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 2³¹-ஐ ப-ஆல் வகுத்தால் மீதி 1. ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி 2-இன் (ப − 1)ஆம் அடுக்குக்கும் மீதி 1. மீதி 1 தரும் மிகச் சிறிய அடுக்கு இந்த இரண்டு அடுக்குகளையும் வகுத்தாக வேண்டும். 31 பகா எண் என்பதால் அந்தச் சிறிய அடுக்கு 31 மட்டுமே. ஆகவே ப − 1 என்பது 31-இன் மடங்கு. ப ஒற்றை எண், எனவே 62-இன் மடங்கு.

இரண்டாவது துண்டு: 2³¹-க்கு மீதி 1 என்றால் 2³²-க்கு மீதி 2. அதாவது 2¹⁶-இன் வர்க்கம் மீதி 2 தருகிறது. ஒரு வர்க்கத்துக்கு மீதி 2 வரக்கூடிய ஒற்றைப் பகா எண்கள், 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மீதி தருபவை மட்டுமே. 62-இன் மடங்கோடு 1 கூட்டிய எண்களில் இந்த நிபந்தனைக்கு உட்படுபவை 248 எண்களுக்கு இரண்டுதான்: 1, 63.

நானே கணினியில் சோதிக்கணும்னா எது எளிய வழி?

லூக்காஸ்–லேமர் சோதனை. 4-இல் தொடங்குங்கள். ஒவ்வொரு படியிலும் வர்க்கம் எடுத்து, 2 கழித்து, 2147483647-ஆல் வகுத்த மீதியை வையுங்கள். 31-க்கு 29 படிகள். 29ஆம் படியில் பூச்சியம் வந்தால் பகா எண். வராவிட்டால் பகு எண். தொடக்கம் இப்படி இருக்கும்: 4, 14, 194, 37634, 1416317954, 669670838. உங்கள் ஆறாவது எண் இதுவாக இல்லையென்றால் நிரலில் பிழை.

அந்தப் பிழை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வரும். 1416317954-இன் வர்க்கம் 2005956546822746116. இது 32 பிட்டில் அடங்காது. வர்க்கம் எடுக்கும் மாறி 64 பிட்டாக இருக்க வேண்டும். பெருக்கிய பிறகு விடையை 64 பிட் மாறியில் போட்டால் போதாது. பெருக்கலுக்கு முன்பே மாற்ற வேண்டும்.

கடைசிக்கு முந்தைய படியில் 65536 அல்லது 2147418111 வந்திருக்க வேண்டும். 65536-இன் வர்க்கம் 2³², அதன் மீதி 2; இரண்டு கழித்தால் பூச்சியம். மற்றொன்று நம் எண்ணிலிருந்து 65536-ஐக் கழித்தது, அதன் வர்க்கத்துக்கும் அதே மீதி.

நிறைவெண்ணுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

தன்னைத் தவிர்த்த வகுஎண்களின் கூடுதலுக்குத் தானே சமமாக இருப்பது நிறைவெண்: 6 = 1 + 2 + 3. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு நிறைவெண்ணைத் தரும் என்பது யூக்ளிட் காலத்திலிருந்து தெரிந்தது. இரட்டை நிறைவெண்கள் எல்லாமே இப்படித்தான் வரும் என்று நிறுவியவர் ஆய்லர். நம் எண்ணை 2³⁰-ஆல் பெருக்கினால் 2305843008139952128, எட்டாவது நிறைவெண். 1 முதல் 2147483647 வரை எல்லா எண்களையும் கூட்டினாலும் இதே விடைதான்.

1811இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணிதர், இதைவிடப் பெரிய நிறைவெண்ணை இனி யாரும் தேட மாட்டார்கள், பயனில்லாத வேலை என்று எழுதினார். 1876இல் பிரெஞ்சுக் கணிதர் லூக்காஸ் 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டினார். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மெர்சென் பகா எண்ணின் அடுக்கு 136279841. அதற்கு நான்கு கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள்.

இது இரட்டைப் பகா எண்ணா? சோஃபி ஜெர்மேன் வகையா? வேறு எந்தெந்தப் பட்டியலில் வரும்?

இரண்டு தள்ளி இன்னொரு பகா எண் இருந்தால்தான் இரட்டைப் பகா எண்; இது அப்படி அல்ல. இரண்டு குறைத்தால் 2147483645, கடைசி இலக்கம் 5. இரண்டு கூட்டினால் 2147483649 = 3 × 715827883. மிக அருகில் உள்ள பகா எண்கள் கீழே 2147483629, மேலே 2147483659. சோஃபி ஜெர்மேன் வகையும் அல்ல. அந்த வகையில் இருமடங்கோடு 1 கூட்டினாலும் பகா எண் வர வேண்டும்; இங்கே வருவது 4294967295, அது 5-ஆல் வகுபடும்.

இலக்கங்களைத் திருப்பிப் போட்டால் 7463847412, அது 2-ஆல் வகுபடும்; ஆகவே திருப்பினாலும் பகா எண்ணாக இருக்கும் வகையிலும் சேராது. இலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் 260, 40, 16, 37, 58, 89 என்று சுழலில் சிக்கும்; 1-இல் போய் முடியாததால் 'மகிழ்ச்சி எண்' அல்ல. இந்தக் கடைசி இரண்டும் நாம் பத்தடிமானத்தில் எழுதுவதால் மட்டுமே வருபவை, பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அடுத்த கேள்வியில் வரும் பண்பு அப்படியல்ல. எந்த முறையில் எழுதினாலும் மாறாதது.

இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக இதை எழுத முடியுமா?

முடியாது. மூன்று வர்க்கங்களாலும் முடியாது. எந்த முழு எண்ணின் வர்க்கத்தையும் 8-ஆல் வகுத்தால் மீதி 0, 1 அல்லது 4. இவற்றில் மூன்றை எப்படிக் கூட்டினாலும் மீதி 7 வராது. நம் எண்ணின் கடைசி மூன்று பிட்டுகளும் 1, அதாவது 8-ஆல் வகுத்தால் மீதி 7.

நான்கு வர்க்கங்களால் எந்த எண்ணையும் எழுதலாம் என்பது லாக்ராஞ்சின் தேற்றம். இதோ ஒன்று: 46339² + 425² + 10² + 1². சரிபார்க்க, 2147302921 + 180625 + 100 + 1. முதலில் 46340-ஐ முயன்றால் மிஞ்சுவது 88047; அதுவும் 8-ஆல் வகுத்தால் 7 மீதி தருவதால் மூன்று வர்க்கங்களில் அடங்காது. ஒன்று குறைத்ததும் அடங்கிவிடுகிறது.

பகா எண் என்பதால்தான் கணினியில் இதை எல்லையாக வைத்தார்களா?

இல்லை. இந்தத் தவறான எண்ணம் நிறையப் பேருக்கு இருக்கிறது. 32 பிட்டில் ஒன்று கூட்டல்-கழித்தல் குறிக்குப் போய்விட்டால் மிஞ்சுவது 31. எல்லாவற்றையும் 1 ஆக்கினால் கிடைக்கும் பெரிய எண் 2³¹ − 1. அது பகா எண்ணாக அமைந்தது கணிதத்தின் செயல், வடிவமைத்தவர்களின் தேர்வு அல்ல. பக்கத்து அளவுகளைப் பாருங்கள்: 16 பிட்டின் எல்லை 32767 = 7 × 31 × 151. 64 பிட்டின் எல்லை 9223372036854775807, அது 49-ஆல் வகுபடும்.

இதோடு 1 கூட்டினால் ஏன் மைனஸ் வருது?

எல்லா 1களோடும் 1 கூட்டும்போது ஏறுபாக்கி கடைசி வரை ஓடி, குறிக்கான பிட்டில் போய் விழுகிறது. அந்த பிட் 1 என்றால் கணினி அதைக் குறை எண்ணாக வாசிக்கும்: −2147483648. ஜாவாவில் இது உறுதியாக நடக்கும். சி மொழியிலோ என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை. தொகுப்பி (கம்பைலர்) உங்கள் சோதனை வரியையே நீக்கிவிடலாம். ஆகவே கூட்டிவிட்டுக் குறையா என்று பார்க்காதீர்கள், கூட்டும் முன் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதிகம் மாட்டுவது, வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாக்கித் தேடும் ஈர்மத் தேடலில். நடுப்புள்ளிக்காகக் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டி 2-ஆல் வகுத்தால், கூடுதலே எல்லையைத் தாண்டலாம். ஜாவாவின் நூலகத்திலேயே பல ஆண்டுகள் இருந்து 2006இல் வெளியே வந்த பிழை இது. கீழ் எல்லையோடு, வித்தியாசத்தில் பாதியைக் கூட்டினால் சரியாகும். குறை எல்லை ஒன்று கூடுதலாக இருப்பதால் −2147483648-க்கு எதிர் எண் 32 பிட்டில் கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும். ஜாவாவில் அதன் மட்டு மதிப்பை எடுத்தாலும் குறை எண்ணே திரும்ப வரும்.

2014 டிசம்பரில் 'கங்னம் ஸ்டைல்' காணொளியின் பார்வைகள் இந்த எல்லையை எட்டியபோது யூடியூப் எண்ணிக்கையை 64 பிட்டுக்கு மாற்றிய செய்தியைப் பலர் படித்திருப்பீர்கள். 2015இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், போயிங் 787 விமானத்துக்குத் தொடர்ந்து 248 நாள் மின்சாரம் இருந்தால் மின்னாக்கிக் கட்டுப்பாட்டு அலகின் எண்ணி நிரம்பி வழியும் என்று எச்சரித்தது. நொடியில் நூறில் ஒரு பங்காக எண்ணினால் 2³¹ நிரம்ப 248.55 நாள் ஆகும். ஆய்லரின் 248-க்கும் இதற்கும் தொடர்பு இல்லை.

எங்க டேட்டாபேஸில் எல்லா வாடிக்கையாளர் போன் நம்பரும் 2147483647னு இருக்கு. ஹேக் பண்ணிட்டாங்களா?

இல்லை, நெடுவரிசை 'இன்ட்' வகையில் இருக்கிறது. இந்தியக் கைபேசி எண்கள் 6, 7, 8 அல்லது 9-இல் தொடங்கும் பத்து இலக்கங்கள். மிகச் சிறியதே 600 கோடி. தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல் கண்டிப்பு முறையில் (ஸ்ட்ரிக்ட் மோட்) இல்லாவிட்டால், எல்லையைத் தாண்டிய எண்ணை எல்லைக்கே வெட்டிச் சேமித்து, எச்சரிக்கையோடு விட்டுவிடும். கண்டிப்பு முறையில் இருந்தால் பிழை காட்டி மறுக்கும்.

குறியில்லாத 'இன்ட்' ஆக்குவது தீர்வல்ல, அதன் எல்லை 4294967295தான். 64 பிட் 'பிக்இன்ட்' கொள்ளும், ஆனால் தொலைபேசி எண்ணைக் கூட்டிக் கழிக்கப்போவதில்லை. எழுத்து வகையில் வைப்பதே முறை. இலங்கை எண்கள் 07 என்று தொடங்குவதால் 'இன்ட்' வகைக்குள் அடங்கிவிடும், ஆனால் முன்னால் உள்ள பூச்சியம் காணாமல் போகும். எழுத்து வகையில் அந்தச் சிக்கலும் இல்லை. வகையை மாற்றிவிட்டால் பழைய எண்கள் திரும்பி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். வெட்டப்பட்டவை போனவைதான், படிவப் பதிவுகளிலிருந்தோ காப்புப் பிரதியிலிருந்தோதான் மீட்க வேண்டும்.

தானாக ஏறும் வரிசை எண் இந்த எல்லையை எட்டினால் அறிகுறி வேறு: ஒவ்வொரு புதிய பதிவுக்கும் 2147483647 ஏற்கெனவே இருக்கிறது என்ற பிழை வரும். அப்போது 'பிக்இன்ட்' சரியான தீர்வு. அந்த எண்ணைச் சுட்டும் மற்ற அட்டவணைகளையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

2038இல் கணினி எல்லாம் நின்றுவிடும் என்கிறார்களே?

1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணி நேரம் காட்டும் முறையில், 2147483647ஆவது நொடி 2038 ஜனவரி 19, உலக நேரம் 03:14:07-க்கு வருகிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் காலை 8:44:07. அடுத்த நொடி, 32 பிட்டில் எண்ணும் கருவி 1901 டிசம்பர் 13-க்குப் போய்விடும். காரணம், 1 கூட்டினால் மைனஸ் வரும் கேள்வியில் பார்த்த அதே குறி மாற்றம். நேரத்தை 64 பிட்டில் வைக்கும் இன்றைய கணினிகளுக்கும் கைபேசிகளுக்கும் இந்தச் சிக்கல் இல்லை. லினக்ஸ் கருவகத்தின் 5.6 பதிப்பிலிருந்து 32 பிட் கணினிகளுக்கும் வழி இருக்கிறது.

கவலைப்பட வேண்டியவை பழைய உட்பொதி கருவிகளும், தேதியை 4 பைட்டில் எழுதும் கோப்பு வடிவங்களும். மைஎஸ்க்யூஎல்லின் 'டைம்ஸ்டாம்ப்' வகை அந்த நொடியோடு முடிகிறது. 'டேட்டைம்' 9999 வரை போகும். 2038 வரை காத்திருக்கவும் தேவையில்லை: இருபது ஆண்டு வீட்டுக் கடனின் முடிவுத் தேதியை இன்றே கணக்கிடும் நிரல் இன்றே தடுமாறும்.

ரேண்டம் எண் நிரலில் 16807-ஆல் பெருக்கி இந்த எண்ணால் வகுக்கிறார்களே, ஏன்?

இங்கேதான் பகா எண் என்பது உண்மையிலேயே வேலை செய்கிறது. 7-இன் அடுக்குகளை இந்த எண்ணால் வகுத்து மீதிகளை எழுதிக்கொண்டே போனால், 1 முதல் 2147483646 வரை எல்லா எண்களும் தலா ஒரு முறை வந்த பிறகே சுழற்சி முடியும். அப்படிப்பட்ட எண்களில் 7 மிகச் சிறியது. 2 உதவாது; 31 படிகளில் திரும்பிவிடும். 16807 என்பது 7⁵. முன்பு பார்த்த 2147483646-இன் காரணிகளில் 5 இல்லை என்பதால் ஐந்தாம் அடுக்கும் அதே முழுச் சுழற்சியைத் தருகிறது. 1969இல் ஐபிஎம் கணினிக்காக வந்த முறை. 1988இல் பார்க், மில்லர் என்ற இருவர் குறைந்தபட்சத் தரமாக இதைப் பரிந்துரைத்தார்கள்.

1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073 என்று வரும். 10000ஆவது எண் 1043618065. உங்கள் நிரல் சரியா என்பதற்கு இதுவே உரைகல். தொடக்க மதிப்பு பூச்சியமாக இருந்தால் என்றென்றும் பூச்சியம்தான். 64 பிட் இல்லாத கருவியில், 2147483647 = 16807 × 127773 + 2836 என்ற பிரிப்பைக் கொண்டு வழிதல் இல்லாமல் கணக்கிடலாம். கடவுச்சொல், ஓடிபி போன்றவற்றுக்கு இதைப் பயன்படுத்தவே கூடாது: ஒரு விடை தெரிந்தால் அடுத்தவை எல்லாம் தெரிந்துவிடும்.

3, 7, 127 என்று மெர்சென் பகா எண்ணையே அடுக்காக வைத்தால் மீண்டும் பகா எண் வருகிறது. அப்படியானால் 2-இன் 2147483647ஆம் அடுக்கில் ஒன்று குறைத்தால்?

கேள்வி சரியான திசையில்தான் போகிறது. அடுக்கே மெர்சென் பகா எண்ணாக இருப்பவற்றை இரட்டை மெர்சென் எண்கள் என்பார்கள். அடுக்கு 3-க்கு 7, அடுக்கு 7-க்கு 127, அடுக்கு 31-க்கு நம் எண், அடுக்கு 127-க்கு லூக்காஸின் எண். இந்த நான்கும் பகா எண்கள். ஐந்தாவது எதுவும் இதுவரை கிடைக்கவில்லை.

நீங்கள் கேட்ட எண்ணுக்கு 64 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள். ஆனாலும் அது பகா எண் அல்ல என்பது தெரியும்: 295257526626031 அதை வகுக்கிறது. 248 விதியின் முதல் துண்டை இங்கே பொருத்திப் பாருங்கள். காரணி, அடுக்கின் இருமடங்கான 4294967294-இன் மடங்கோடு 1 கூட்டியதாக இருக்க வேண்டும். 4294967294 × 68745 + 1 எவ்வளவு என்று பெருக்கினால் அந்தக் காரணியே வரும்.